ஸீதி மர்ஸூக் யார் கனவில் வந்தார்?

கஃபர் ஷுபைக்
25 ஏப்ரல் 1987

அன்புள்ள ஷஹாத்தா அண்ணனுக்கு, தங்கை நஜாத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். குவைத்தில் வெயில் எப்படி, உங்கள் வயிறு எப்படி என்று அம்மா கேட்கிறாள். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எருமை கன்று போட்டுவிட்டது. கிடேரிக் கன்று.

வசந்தப் பண்டிகையன்று பெரியத்தா வீட்டில் எல்லோரும் உப்பு மீன் சாப்பிட்டோம். பெரியத்தா நிறையச் சாப்பிட்டார். அத்தா இருந்திருந்தால் தன் அண்ணனைத் தடுத்திருப்பார். பச்சை வெங்காயமும் நிறைய. அன்று இரவு அவருக்கு ஒரு கனவு வந்ததாம். பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தி, "பஸ்யூனி, நான் ஸீதி மர்ஸூக். எரநூறு வருசமா மண்ணுக்கடியில கெடக்கேன். தலைக்கு மேல ஒரு கூரை கூடவா எனக்கு இல்ல?" என்று கேட்டாராம்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் பெரியத்தா பள்ளிவாசலில் எழுந்து நின்று இதை ஊருக்கே சொல்லிவிட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள். பலபேர் அழுதார்களாம். நாவிதர் ஸக்லூல் மட்டும், "நெஞ்ச அழுத்துனது அவுலியாவா, மீனா?" என்று கேட்டிருக்கிறார். அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அந்த மகான், தான் அடங்கியிருக்கும் இடத்தையும் காட்டினாராம். வாய்க்கால் கரையில், பெரியத்தாவின் காப்பிக் கடைக்கும் தண்ணீர் பம்புக்கும் நடுவில்.

கன்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நஜாத்


குவைத்
13 மே 1987

தங்கை நஜாத்துக்கு அண்ணனின் துஆவும் ஸலாமும். அம்மாவுக்கு என் முத்தம். நோன்பு வைத்துக்கொண்டு பணக்காரர்களின் குளியலறையில் டைல்ஸ் ஒட்டுகிறேன். சுற்றிலும் குழாய். ஒரு சொட்டுக் குடிக்க முடியாது. மற்றபடி சுகம்.

நம் ஊருக்கும் ஒரு அவுலியா கிடைத்ததில் சந்தோஷம். பக்கத்து ஊரில் ரெண்டு பேர் அடங்கியிருக்கிறார்கள், நமக்கு ஒருவரும் இல்லையே என்று அத்தா மவுத்தாகிற வரை வருத்தப்பட்டார்.

ஆனால் இடத்தைத் தப்பாக எழுதிவிட்டாய். காப்பிக் கடைக்கும் பம்புக்கும் நடுவில் இருப்பது என் மனை. அத்தா எனக்கு விட்டுப்போன ஒரே மண் அதுதான். அங்கே எந்த அவுலியாவும் இல்லை. நான் கோலி விளையாடக் குழி தோண்டிய இடம். இருந்திருந்தால் அன்றைக்கே என்னைத் திட்டியிருப்பார். சரியான இடத்தை விசாரித்து எழுது.

ஸுஹைரின் அத்தா ஆசிரியர் ஸாபிர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் மனையில் நாலு சுவர் எழும்ப வேண்டும். இல்லையென்றால் நிச்சய மோதிரம் திரும்பி வரும். செங்கல் இறங்கியதா? கொத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டாரா? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

கன்றுக்கு ஜமீலா என்று பெயர் வை.

அண்ணன் ஷஹாத்தா


கஃபர் ஷுபைக்
3 ஜூன் 1987

அன்புள்ள அண்ணனுக்கு நஜாத்தின் பெருநாள் வாழ்த்து. நீங்கள் அனுப்பிய துணி வந்தது. அம்மா உங்களுக்காகப் பெருநாள் பிஸ்கட் சுட்டு, அனுப்ப ஆள் கிடைக்காமல், அழுதுகொண்டே எங்களுக்குக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. ஜமீலா நன்றாகக் குடிக்கிறாள்.

செங்கல் இறங்கிவிட்டது. கொத்தனாரும் வந்தார். மனையில் யாரோ பச்சைக் கொடி நட்டிருந்ததைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஃபாத்திஹா ஓதினார். போய்விட்டார்.

யாரோ என்று எழுதிவிட்டேன். நட்டவர் பெரியத்தா.

கவலைப்படாதீர்கள். இமாம் நம் பக்கம். "ஒருத்தர் கண்ட கனவ வச்சு இன்னொருத்தர் மனையில கை வைக்க முடியாது ஹாஜி. அந்த நாயகத்துக்கு நெசமாவே எடம் வேணும்னா ரெண்டாவதா ஒருத்தர் கனவுலயும் வரட்டும்" என்று பெரியத்தாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் இஷா தொழுததும் படுத்துவிடுகிறார்கள். ஸக்லூல் கனவில் பச்சைத் தலைப்பாகைக்காரர் வந்தாராம். ஆனால் ஷேவிங் பண்ணிக்கொண்டு பேசாமல் போய்விட்டாராம். இமாமின் மாமியார் கனவிலும் ஒருவர் தூரத்தில் நின்றாராம். கிட்டப் போய்ப் பார்த்தால் மவுத்தான அவள் கணவர். "என் பூட்ஸ யாருக்குடி தூக்கிக் குடுத்தே?" என்று சண்டை பிடித்தாராம்.

இதுவரை வேறு யாருக்கும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நஜாத்


குவைத்
18 ஜூன் 1987

நஜாத்துக்கு ஸலாம். நான் சுகமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்த நேரத்தில் ஒரு சுவர் முழுக்க டைல்ஸைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். டைல்ஸில் வரைந்த மீனெல்லாம் மல்லாந்து நீந்துகிறது. முதலாளி கத்துகிறார்.

கொடியைப் பிடுங்கு. அம்மாவால் முடியாது என்று தெரியும், நீ பிடுங்கு. பெரியத்தாவிடம் போய், "இது எங்கண்ணன் மனை" என்று முகத்துக்கு நேராகச் சொல். மூன்றே வார்த்தை. நீ பிறந்தபோது அழவே இல்லை, மருத்துவச்சி பயந்துபோய்ப் பாதத்தில் தட்டினாள் என்று அம்மா சொல்வாள். இப்போது நான் தட்டுகிறேன் என்று வைத்துக்கொள். பேசு.

தர்கா வந்தால் கந்தூரி விழா வரும், கந்தூரி வந்தால் கூட்டம் வரும், கூட்டம் பக்கத்துக் கடையில் காப்பி குடிக்கும். பெரியத்தா கனவு ஏன் என் மனையில் வந்து நின்றது என்று எனக்குத் தெரியும். பாவம், அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

அண்ணன்


கஃபர் ஷுபைக்
28 ஜூன் 1987

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். அம்மாவின் முழங்கால் கொஞ்சம் தேவலை. ஜமீலாவுக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. மல்பெரிப் பழம் முடிந்துவிட்டது. இங்கே இரண்டு நாளாக நல்ல காற்று.

இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு தூங்காதீர்கள் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

நஜாத்


குவைத்
10 ஜூலை 1987

நஜாத்துக்கு ஸலாம்.

நேற்று நாவிதர் ஸக்லூலின் மகன் லீவு முடிந்து வந்து சேர்ந்தான். நேராக எங்கள் அறைக்கு வந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டான். "என்னடா?" என்றேன். "அண்ணே, ஒங்க வீட்டுலேர்ந்து ஒரு பரக்கத்து எனக்கும் கெடைக்கட்டும்" என்றான். எங்கள் வீட்டில் பரக்கத்து எங்கேடா இருக்கிறது என்றால், "கனவு கண்ட புள்ளையோட அண்ணன்ல நீங்க!" என்கிறான். அறையில் இருந்த எட்டுப் பேரும் வரிசையில் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருவன் சூடான்காரன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையைப் பார்த்துவிட்டு வந்து நின்றிருக்கிறான்.

எனக்கு ஒரே ஒரு தங்கைதான்.

என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது. காற்றையும் மல்பெரியையும் பற்றி எழுதாதே.

ஷஹாத்தா


கஃபர் ஷுபைக்
17 ஜூலை 1987

அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். நான் எந்தக் கனவும் காணவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியத்தா, இமாம், நிக்காஹ் எழுதுகிற காஜியார், ஸக்லூல், இன்னும் நிறையப் பேர் நம் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பெண்கள் கூட்டம். மனைக்கு உரியவர்கள் வீட்டிலேயே விசாரித்துவிடலாம் என்று வந்தார்களாம். பெரியத்தா அம்மாவிடம் கேட்டார். "முழங்கால் வலியில தூக்கமே இல்ல, கனவு எங்கேர்ந்து வரும் எனக்கு?" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்போது நான் டீ கொண்டுவந்தேன். பெரியத்தா என்னைக் காட்டி, "இந்தப் புள்ள பொய் சொல்லி யாராச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றார்.

"பேசியே கேட்டதில்லையே!" என்றார் ஸக்லூல்.

"நீ சும்மா இரு. நஜாத்து, இங்க பாரும்மா. ஸீதி மர்ஸூக் ஒன் கனவுல வந்தாரா இல்லையா? சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தரையில் ஓர் எறும்பு சர்க்கரை இழுத்துக்கொண்டு போனது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் ஸாபிர் வகுப்பில் எழுப்பி நிறுத்தி நைல் நதி எங்கே தொடங்குகிறது என்று கேட்டபோதும் எனக்கு இப்படித்தான் ஆனது. அதற்கப்புறம்தான் நான் பள்ளிக்கூடமே போகவில்லை, உங்களுக்குத் தெரியும்.

காஜியார் தொண்டையைச் செருமினார். "கன்னிப் பொண்ணோட மவுனந்தான் சம்மதம். இந்த ஊருல பாதிக் கல்யாணத்த அத வச்சுத்தான் நான் எழுதியிருக்கேன்" என்றார்.

"அது நிக்காஹுக்கு. கனவுக்கு எப்படி?" என்றார் இமாம்.

"ரெண்டுக்கும் அதே பொண்ணு, அதே வாய்தானே ஹஜ்ரத்!"

இமாம் பதில் சொல்வதற்குள் வாசலில் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். குலவைக்கு மேல் இமாம் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பெரியத்தா அழுதுகொண்டே என் நெற்றியில் முத்தமிட்டார். அவர் நடிக்கவில்லை அண்ணே. கண்ணீர் சூடாக இருந்தது. ஒருவேளை எனக்கு நிஜமாகவே கனவு வந்து மறந்துவிட்டதோ என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

என்மேல் கோபப்படுங்கள். அம்மாமேல் வேண்டாம்.

நஜாத்


குவைத்
24 ஜூலை 1987

நஜாத்துக்கு ஸலாம். இந்தக் கடிதத்தை ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன், சீக்கிரம் வந்துவிடும்.

கோபமெல்லாம் ஆறிவிட்டது. சிரித்துச் சிரித்து ஆறியது. அறையில் படித்துக் காட்டினேன். சூடான்காரனும் சிரித்தான். அவனுக்கு இப்போது எல்லாம் புரிகிறது.

ஒரு வழி சொல்கிறேன். அவுலியா பேச்சை மாற்ற அவுலியாவால்தான் முடியும். பெரியத்தாவிடம் போய் இப்படிச் சொல்: "ஸீதி மறுபடி வந்தாரு பெரியத்தா. 'எனக்கு இந்த எடம் சரிப்படல, காப்பிக் கடை ரேடியோ சத்தத்துல தூக்கமே இல்ல, பம்புக்கு அந்தாண்ட போறேன்'னு சொன்னாரு." அவ்வளவுதான். உன் கனவை யாரும் மறுக்க மாட்டார்கள். நீதான் ஊர் நம்புகிற சாட்சி.

பெருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

அண்ணன்


கஃபர் ஷுபைக்
31 ஜூலை 1987

அன்புள்ள அண்ணனுக்கு நஜாத்தின் ஸலாம். எல்லோரும் சுகம்.

நீங்கள் சொன்னபடி சொல்ல என்னால் முடியவில்லை. காணாத கனவைக் கண்டதாகச் சொன்னவரிடம் மறுமை நாளில் ரெண்டு வாற்கோதுமை மணியைக் கொடுத்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போடச் சொல்வார்களாம். இமாம் பயானில் சொன்னார். நான் எருமைத் தீவனத்திலிருந்து ரெண்டு மணி எடுத்து முயன்று பார்த்தேன். ஊறவைத்தும் பார்த்தேன். உமி உரிந்ததுதான் மிச்சம்.

"என்னடி பண்றே மூலையில ஒக்காந்து?" என்றாள் அம்மா.

சொன்னேன்.

"குடு இங்க. ஒனக்குக் கை சரியில்ல" என்று வாங்கிக்கொண்டு மக்ரிப் வரை அவளும் முயன்றாள். அவளாலும் முடியவில்லை. தொழ எழுந்திருக்கும்போது, "வேணாம்டி. அவன்கிட்ட முடியாதுன்னு எழுதிரு" என்றாள்.

பேசாமலிருந்தாலும் தொல்லை குறையவில்லை. தினமும் பெண்கள் சர்க்கரை, தேயிலை கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். மாவு மில்லுக்காரர் மனைவி, "எம் மருமகளுக்கு ஆம்பளப் புள்ளதானே?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷமாகப் போய்த் தொட்டில் செய்யச் சொல்லிவிட்டாள். பெண் பிறந்தால் நான் எங்கே போய் ஒளிவேன்?

பெருநாள் கழித்து வருகிற இரண்டாவது வியாழக்கிழமை அடிக்கல் நாட்டு விழா. வக்ஃப் ஆபீசிலிருந்து ஒரு ஷேக் வருகிறார். சாட்சி தன் வாயால் ஆமாம் என்றோ, ஊர் வழக்கப்படி பேசாமல் நின்றோ ஒப்புக்கொண்டால் அவர் கையெழுத்துப் போடுவாராம். நான் சும்மா நின்றால் உங்கள் மனை போகும், ஸுஹைரும் போய்விடுவாள். வாயைத் திறந்தால் பெரியத்தா மானம் போகும். எதுவும் போகாத வழி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

நஜாத்


குவைத்
11 ஆகஸ்ட் 1987

என் அருமைத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் வியாழனுக்குள் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வழி இல்லை. நீ எதையும் சுமக்க வேண்டாம். மனை போனால் போகட்டும். ஸுஹைருக்கு நானே எழுதிக்கொள்கிறேன். நீ நாலு பேர் முன்னால் நிற்க முடியாமல் புத்தகப் பையை வைத்துவிட்டு வந்த நாளில், நான் உன்னைக் கேலி செய்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். இப்போது மறுபடியும் உன்னையே அங்கே தள்ளிவிட்டு இங்கிருந்து புத்தி சொல்கிறேன்.

அன்று உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள். போர்வையை இழுத்து மூடிக்கொள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் ஷஹாத்தா


கஃபர் ஷுபைக்
29 ஆகஸ்ட் 1987

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் தங்கை நஜாத் ஸலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. அம்மா சுகம். ஜமீலா சுகம். உங்கள் கடிதம் எல்லாம் முடிந்தபிறகு வந்தது. அதைப் படித்துக் கொஞ்சம் அழுதேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை வெயில் அதிகம் என்று எல்லோரையும் காப்பிக் கடைக்குள் உட்காரவைத்தார்கள். ஆசிரியர் ஸாபிரும் வந்திருந்தார். வக்ஃப் ஷேக் சின்ன வயது, கண்ணாடி போட்டவர். அம்மாவும் நானும் அடுப்புப் பக்கம் நின்றோம். அவர் மெதுவாகத்தான் கேட்டார்: "தங்கச்சி, ஸீதி மர்ஸூக் உன் கனவுல வந்தாரா?"

எனக்குப் பழையபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. காஜியார் தொண்டையைச் செருமினார். பெரியத்தா ஃபாத்திஹாவுக்குக் கையை ஏந்திவிட்டார். காஜியார் "கன்னிப் பொண்ணோட" என்று தொடங்கியதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"வரல" என்றேன். "அவரு என் கனவுல வரவே இல்ல. அன்னைக்கு எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் பேசல. அது எங்கண்ணன் மனை."

பெரியத்தாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு ஸக்லூல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அல்லாஹு அக்பர்! புள்ள பேசிருச்சுய்யா!"

"பதினாறு வருசமாப் பேசாத புள்ள!" என்றார் மாவு மில்லுக்காரர். "கராமத்து! ஸீதியோட அற்புதம்!"

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு யாராச்சும் காதுல வாங்குனீங்களா?" என்று ஷேக் கத்தினார். யாரும் வாங்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

"எந்த எடத்துல நின்னு பேசுச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"இந்தா, அடுப்புக்குப் பக்கத்துல."

"அப்ப ஸீதி அடங்கியிருக்கறது இங்கதான்யா! பம்புப் பக்கம் இல்ல, கடைக்கு அடியில!"

அண்ணே, பெரியத்தா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கடை வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. கல்லாமேல் மெழுகுவர்த்தி. நாற்காலிக் கால்களில் நேர்ச்சை நூல். அவுலியா தலைக்குமேல் உட்கார்ந்து யார் டோமினோ ஆடுவார்கள்? ஹுக்காவை யாரோ மரியாதையாகக் கழுவித் துணி போர்த்தி வைத்துவிட்டார்கள். மறுநாள் மாவு மில்லுக்காரர் ஒரு கயிற்றோடு வந்து, தர்காவுக்குக் கும்மட்டம் எவ்வளவு அகலம் வரும் என்று கடையை அளந்தார்.

பெரியத்தா அடுத்த ஜும்ஆ வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு அதே பள்ளிவாசலில் அதே இடத்தில் எழுந்து நின்றார்.

"மக்களே, அது மீனு" என்றார். "பண்டிகைக்குப் பாதிக் கூடை மீனு தின்னேன். வெங்காயம் எத்தனன்னு எனக்கே தெரியாது. நெஞ்சு அடச்சுச்சு. பச்சையா ஒருத்தரு நின்னாரு, அது நெசம். மத்ததெல்லாம் காலையில எந்திரிச்சு நானாச் சேத்துக்கிட்டேன் போல. அல்லாஹ் மன்னிக்கட்டும்."

இரண்டொருவர், "எம்புட்டுப் பணிவு பாரு" என்றார்களாம். ஆனால் இமாம் விடவில்லை. ஹாஜி பள்ளிக்குள் நின்று சொன்ன முதல் கனவை நம்பினோம், இரண்டாவது பேச்சையும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

கொடியைப் பெரியத்தாவே பிடுங்கினார். கொத்தனாரையும் அவரே கையைப் பிடித்து இழுத்து வந்தார். மூன்று சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. பெருநாள் தாண்டிவிட்டதே என்று அம்மா ஆசிரியர் ஸாபிர் வீட்டுக்குப் பயந்துகொண்டே போனாள். அவர், "பருத்தி எடுக்கற வரைக்கும் டைம் இருக்கு, மெதுவாக் கட்டச் சொல்லுங்க. இல்லாதத இல்லன்னு சொல்ல அந்த வீட்டுல ஒரு ஆளாச்சும் இருக்கு" என்றாராம். ஸுஹைர் வந்து சமையலறை எங்கே வரும் என்று பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னல் பெரியதாக வேண்டுமாம்.

நேற்று பெரியத்தா செங்கலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "பேச வேண்டியத அன்னைக்கே பேசியிருக்கலாம்ல புள்ள?"

"நீங்க என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல பெரியத்தா?" என்றேன்.

அவர் அடுத்த செங்கலை எடுத்தார். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முந்தாநாள் எனக்கு நிஜமாகவே ஒரு கனவு வந்தது. அவுலியா யாரும் இல்லை. நீங்கள் இருந்தீர்கள். தூக்கத்தில் நான் சத்தமாகச் சிரித்தேனாம், அம்மா எழுப்பிவிட்டாள். என்ன கனவு என்று கேட்டாள். அவளிடம்கூடப் பாதிதான் சொன்னேன். நல்ல கனவை நம்மேல் பிரியம் உள்ளவர்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டுமாம். கடிதத்தில் எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார்.

கதவு வைக்கிற நாளுக்கு லீவு கேளுங்கள். வந்ததும் உட்காரவைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கனவு.

உங்கள் தங்கை
நஜாத்